அறுபது நாற்காலிகளும் ஒரு மத்தியான டிஸ்கோவும்

ஓய்வு பெற்றபின் என் வீட்டுக்கு மனு எழுதி வாங்க வருகிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். பட்டாவில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறது என்பவர்கள் ஒரு வகை. பெயர் சரியாக இருக்கிறது, நிலம்தான் இல்லை என்பவர்கள் இன்னொரு வகை. போன ஆடி மாதம் ஒருவர் வந்து, பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து மேசைமேல் வைத்து, "மேடம், டிஸ்கோவுக்கு இன்னா ஃபாரம்?" என்று கேட்டார்.

முப்பத்து நான்கு வருடம் வருவாய்த் துறையில் இருந்தவள் நான். கடைசிப் பதவி துணை வட்டாட்சியர். பட்டாசுக் கடைக்கு, சினிமா கொட்டகைக்கு, சர்க்கஸுக்கு, பொருட்காட்சியில் கடல்கன்னியைக் காட்டுவதற்குக்கூட என்ன படிவம் என்று எனக்குத் தெரியும். கடல்கன்னிக்குக் கால்நடைத் துறையிடம் தடையில்லாச் சான்று கேட்டவளே நான்தான். டிஸ்கோவுக்குத் தெரியவில்லை. "உட்காருங்க, காபி சாப்பிடுங்க" என்றேன். தெரியாத கேள்விக்கு அலுவலகத்தில் நாங்கள் சொல்லி வந்த பதில் அது.

வந்தவர் ரேடியோ செட்காரர். மானாம்பதி போகும் சாலையில், எங்கள் ஊர் முடிந்து ஏரிக் கால்வாயைத் தாண்டினால் வருகிற காலனியில் இருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவும் அவருடைய ஒலிபெருக்கி இல்லாமல் நடக்காது. என் மகள் கல்யாணத்துக்கும் அவர் செட்தான். மண்டபத்து வாசலில் பெட்டிகளை இறக்கி, உள்ளே ஒயர் இழுத்து, பாட்டைப் போட்டுவிட்டு, வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் உள்ளே வந்து உட்காரவில்லை என்று அன்று நான் யோசிக்கவில்லை. சாம்பார் தீர்ந்துகொண்டிருந்தது, அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அதே மண்டபத்தைக் கேட்டிருக்கிறார். மேனேஜர் எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு, நாட்காட்டியைப் புரட்டி, தேதி இல்லை என்றாராம். அடுத்த மாதம்? இல்லை. அதற்கடுத்த மாதம்? இல்லை. சரி, மார்கழி? மார்கழியில் எங்கள் பக்கத்தில் யாரும் சுப காரியம் வைப்பதில்லை, மண்டபத்தில் எலி மட்டும்தான் இருக்கும். மார்கழியும் புக் ஆகிவிட்டது என்றார் மேனேஜர்.

"நானும் சொன்னேன் மேடம், 'பரவால்ல நைனா, எந்த வருஷம் காலியா கீதோ சொல்லு, பொண்ண அப்பால வயசுக்கு வரச் சொல்றேன்'ன்னு."

பிறகு தன் கொட்டகையிலேயே விழாவை வைத்துவிட்டார். மனைவி பெயரில் பட்டா உள்ள இடம். சுண்ணாம்படித்த செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக நாற்பது அடி நீளக் கொட்டகை. பெட்டி, ஆம்ப்ளிஃபயர், விளக்கு எல்லாம் அங்கேதான் அடுக்கி வைப்பார். விழாவன்று சாப்பாடு முடிந்ததும் பாட்டைப் போட்டிருக்கிறார். மூன்று மணி நேரம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை, நூறு நாள் வேலை முடித்து ஏரிக்கரையிலிருந்து வந்த பெண்கள் கொட்டகை வாசலில் நின்று, "இன்னிக்கும் போடுவியா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அப்படித் தொடங்கியதுதான். புதனும் சனியும், மத்தியானம் இரண்டரை முதல் நாலரை வரை. இரண்டு மணிக்கு வேலை முடியும், ஐந்து மணிக்குப் பால் கறக்க வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரம் அதுதான். அமெரிக்காவில் இதை இரவு வாழ்க்கை என்கிறார்கள். எங்கள் ஏரி ஓரத்தில் இரவில் கொசுக்கள்தான் வாழ்கின்றன. அதனால் செட்காரர் ஜன்னல்களுக்கெல்லாம் நீலத் தார்ப்பாய் அடித்து, மத்தியானத்திலேயே இரவைத் தயாரித்திருந்தார்.

அவர் கொண்டுவந்த நோட்டீஸ் மண்டப மேனேஜர் கொடுத்த புகாரின் பேரில் தாலுகா அலுவலகத்திலிருந்து வந்தது. 'மேலைநாட்டு ஆபாச டிஸ்கோ நடனத்தால் பண்பாடு சீரழிகிறது' என்று புகார். பதினைந்து நாளுக்குள் பொதுக் கட்டட உரிமத்துக்கு விண்ணப்பித்துப் பெறாவிட்டால் கொட்டகைக்குச் சீல்.

"சீல் வெச்சா செட்டு மொத்தமும் உள்ள மாட்டிக்கும்" என்றார் கூடவே வந்திருந்த செட்காரரின் மனைவி. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருப்பவர். நாற்பது பெண்களை ஒரு அதட்டலில் வரிசையில் நிறுத்துவார். "அப்பால இவரு கண்ணாலத்துக்குப் போய் வாயாலதான் பாட்டுப் போடணும். அத்த எவன் கேப்பான்? நானே கேக்க மாட்டேன்."

மனு எழுதுவதற்கு முன் இடத்தைப் பார்ப்பது என் வழக்கம். அடுத்த புதன்கிழமை போனேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே சிவப்பும் பச்சையுமாக விளக்கு சுற்ற, முப்பது பெண்களும் நான்கைந்து ஆண்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்பு விடுவதுபோல மண்வெட்டிகளையும் மண் அள்ளும் சட்டிகளையும் சுவரோரம் விட்டிருந்தார்கள்.

ஆட்டத்தில் ஆபாசம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு கோளாறு இருந்தது. எங்கள் பக்கத்தில் ஜனங்கள் ஆடுவது ஊர்வலத்தில்தான். சாமிக்கு முன்னால் ஆடுவார்கள், பிணத்துக்கு முன்னால் ஆடுவார்கள், தேர்தலில் ஜெயித்தவரின் ஜீப்புக்கு முன்னால் ஆடுவார்கள். மூன்றிலும் ஆடிக்கொண்டே முன்னால் போக வேண்டும். நின்ற இடத்தில் ஆடி யாருக்கும் பழக்கமில்லை. கொட்டகையோ நாற்பது அடிதான். பாட்டு பாதி ஆவதற்குள் மொத்தக் கூட்டமும் மேற்குச் சுவரில் போய் முட்டி, மீதிப் பாட்டுக்குச் சுவரைப் பார்த்தபடி ஆடியது. முன்வரிசைக்காரர்களின் உள்ளங்கைகள் சுண்ணாம்பில் அச்சாகப் பதிந்திருந்தன.

"திரும்பி இந்தப் பக்கமா ஆடி வர வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"ஊர்கோலம் எங்கனா திரும்புமா மேடம்?" என்றார் ஒரு பெண், மூச்சு வாங்கியபடி. "பாதி வழில சாமிய வூட்டுக்கு இட்டுக்கினு வர்றதா?"

"பொணத்தயும்தான்" என்றார் இன்னொருவர்.

சட்டப்படி எப்படியும் அவசரத்துக்கு இரண்டாவது வாசல் ஒன்று வேண்டும். மேற்குச் சுவரை இடித்து அங்கே வைத்துவிடச் சொன்னேன். அதன்பிறகு கூட்டம் மேற்கு வாசலில் ஆடிக்கொண்டே வெளியேறி, சாலையோரமாகக் கொட்டகையைச் சுற்றி, முன்வாசல் வழியாக உள்ளே வந்தது. ஒரு பாட்டுக்கு ஒரு சுற்று. இந்தத் தீர்வைக் குறித்து எனக்குப் பெருமை உண்டு. பணியில் இருந்தபோது இவ்வளவு சீக்கிரம் எதையும் தீர்த்ததில்லை.

அடுத்தது புகாருக்குப் பதில். புகாருக்குப் பத்திவாரியாகப் பதில் எழுத வேண்டும். 'மேலைநாட்டு டிஸ்கோ' என்று ஒரு பத்தி இருந்ததால், டிஸ்கோ எங்கிருந்து வந்தது என்று நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். மூன்று பக்கம் எழுதி, கொட்டகையில் கணவன் மனைவி இருவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

அமெரிக்காவின் பெரிய நகரங்களில் பளபளப்பான ஆட்ட அரங்குகள் இருந்தன. கறுப்பின மக்களை அங்கே உள்ளே விடுவதில்லை. வெளிப்படையாகத் தடுப்பது சட்டப்படி தப்பு என்று ஆனபிறகு, வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள் என்று எழுதியிருந்தேன்.

"ஆதாரா?" என்றார் செட்காரர்.

"அந்த மாதிரி ஏதோ ஒண்ணு. ஒண்ணு காட்டினா இன்னொண்ணு கேப்பாங்க."

"ரெண்டும் காட்னா?"

"மூணாவது கேப்பாங்க. அதையும் காட்டினா, உள்ளே இடமில்லைன்னு சொல்லிடுவாங்க."

"மார்கழிலயுமா?" என்றார் மனைவி.

அதனால் அவர்கள் தங்களுக்கென்று சொந்தமாக இடம் பிடித்தார்கள்: மூடிய கிடங்கு, காலியான தொழிற்கூடம், கட்டடத்தின் நிலவறை. கறுப்பர்களோடு, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களும், ஆணை விரும்பும் ஆண்களும், இன்னும் எங்கேயும் சேர்த்துக்கொள்ளப்படாத பலரும் வந்தார்கள். வாத்தியக் குழுவுக்கு வசதி கிடையாது, அதனால் இசைத்தட்டு. ஆட்டம் நிற்கக் கூடாது என்று இரண்டு இசைத்தட்டுப் பெட்டிகளை அருகருகே வைத்து, ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதோடு ஒட்டினார்கள்.

செட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரெக்ட்டு மேடம். நடுவுல கேப் வுட்டா ஜனம் வூட்டுக்குப் பூடும். அது அவனுக்கும் தெரிஞ்சி கீது பாரு!" கண்டம் விட்டுக் கண்டம் ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனுக்கு வைத்த சலாம் அது.

பல இடங்களில் முதலாளியே பாட்டுப் போடுவார், வாசலில் நிற்பார், பல்பு மாற்றுவார், விடிந்ததும் பெருக்குவார் என்று அடுத்த வரி.

"இவரு பெருக்க மாட்டாரு" என்றார் மனைவி. "அத்த அடிச்சிடுங்க."

பின்னால் அந்த இசை ஊரெல்லாம் பரவி, அதே பளபளப்பான அரங்குகளுக்குள் போய், வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பாட்டுக்கு நிறுத்தியவர்களே ஆடினார்கள் என்று பதிலை முடித்திருந்தேன். செட்காரர், "அதுக்கும் செட்டு நம்மாளுதான் போட்டுக் குட்த்துக்கீறான்" என்றார்.

இனி என் தப்புக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் 'இருக்கைகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் உண்டு. ஆடுகிற இடத்தில் இருக்கை எதற்கு? 'இல்லை' என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் எந்தக் கட்டத்திலும் 'இல்லை' என்று இருந்தால் அந்த மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் இரத்தத்தில் ஊறிப்போனது. நானே நூற்றுக்கணக்கில் திருப்பியிருக்கிறேன். அதனால் 'அறுபது' என்று எழுதினேன். செட்காரர் ஷாமியானா கடைக்காரரைப் பிடித்து, அறுபது சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்.

மற்றச் சான்றுகளெல்லாம் வந்துவிட்டன. கடைசியாகக் கள ஆய்வு. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதிகாரி வந்தார். முப்பது வயதிருக்கும். என் பழைய பதவி. கோப்பு, டேப், நீல மை, பச்சை மை எல்லாம் சரியாக வைத்திருந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதிலேயே பயமும் வந்தது.

காலனியிலிருந்து எல்லாரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே நுழைந்தார்கள். வரிசையாக நாற்காலிகளைப் பார்த்தார்கள். உட்கார்ந்தார்கள்.

நாற்காலி போட்டிருந்தால் அது விழா; விழா என்றால் யாரோ பேசுவார்கள்; பேசி முடித்தால் சாப்பாடு. முக்கியஸ்தர்களுக்காக முதல் வரிசையை விட்டு உட்கார்ந்தார்கள். அதிகாரியை அங்கே உட்காரவைத்து, யாரோ ஒருவர் பொன்னாடை போர்த்தினார், ஒருவர் கோலி சோடா கொடுத்தார். பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி. செட்காரர் தன்னிடமுள்ளதிலேயே பலமான பாட்டைப் போட்டார். தகரம் அதிர்ந்தது. நாற்காலிக்கு அடியில் அத்தனை ஜோடிப் பாதங்களும் தாளம் போட்டன. இடுப்புக்கு மேலே ஒருவரும் அசையவில்லை.

"யாரு பேசப் போறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தோ, பொன்னாட போட்டவருதான்."

"சுருக்கப் பேசச் சொல்லு. எருமைக்குத் தண்ணி காட்டல."

மூன்று பாட்டு ஓடின. அதிகாரி என் பக்கம் சாய்ந்தார். "மேடம், நோக்கம்னு 'பொதுமக்கள் கூடி நடனமாடுதல்'னு போட்டிருக்கீங்க. கூடியிருக்காங்க. ஆடலையே."

"ஆடுவாங்க."

"நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். ஆடலைன்னா, நோக்கம் தவறாகக் காட்டப்பட்டதுன்னு விண்ணப்பத்தை நிராகரிக்கணும். அப்புறம் எப்ப ஆடினாலும் சீல்தான்."

"நாற்காலியை வெளியே போட்டுட்டா ஆடிடுவாங்க."

அவர் கோப்பைப் புரட்டினார். "அறுபது இருக்கைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அறுபதும் அரங்கில் இருப்பதை எண்ணிப் பார்த்துச் சான்று தரணும். வெளியே போனா குறைவு வந்துடும்."

அவர் இடத்தில் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் கடுமையாக. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து செட்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டிகள் அவருக்குப் பின்னால் கூரைவரை அடுக்கியிருந்தன. முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. காபி கூட இல்லை.

அவர் மனைவி எழுந்தார். ஏரிக்கரைக் குரலை எடுத்தார்.

"ஏய்! சட்டில மண்ண வாரி ரொப்னதும் எங்க வெப்பீங்க?"

"தலைல!" என்றது கூட்டம், பழக்க தோஷத்தில்.

"அப்ப நாற்காலிய மட்டும் எதுக்குடி அடகாத்துக்கினு கீறீங்க? எடுங்க!"

ஒரே வீச்சில் எல்லாரும் எழுந்தார்கள். நாற்காலிகள் தலைக்குப் போயின; காலி முதல் வரிசையையும், அதிகாரி திடுக்கிட்டு எழுந்ததும் அவருடையதையும் ஓரமாக நின்றிருந்தவர்கள் தூக்கிக்கொண்டார்கள். தரை காலியானது. தலையில் சுமை ஏறியதும் அவர்களுக்கு வேலை நேரத்துச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. செட்காரர் தாமதிக்காமல் மேளப் பாட்டுக்கு மாற்றினார். நாற்காலிக் கால்கள் வானத்தைப் பார்க்க, கூட்டம் ஆடிக்கொண்டே மேற்கு வாசலை நோக்கிக் கிளம்பியது.

"இருங்க, இருங்க, எண்ணணும்!" என்று அதிகாரி கோப்போடு பின்னால் ஓடினார்.

இங்கேதான் நிலைமை அவர் கையை மீறியது. முன்னால் ஆடிக்கொண்டு கூட்டம், பின்னால் பொன்னாடை போர்த்திய ஒருவர், விரலை நீட்டி நீட்டி அவர் எண்ணுவது ஆசீர்வாதம்போலவே இருந்தது. சாலவாக்கம் போகிற டவுன் பஸ் ஊர்வலத்துக்கு மரியாதை கொடுத்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "யாருப்பா ஜெயிச்சது?" என்று கத்தினார்.

"இன்னும் எண்ணிக்கினு கீறாங்க!" என்றார் ஒரு பெண்.

பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் அதிகாரியைக் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டார், கும்பிட்டதில் கணக்கு தவறிவிட்டது. இரண்டாம் சுற்று போனார். ஐம்பத்தொன்பது. மூன்றாம் சுற்று. ஐம்பத்தொன்பது. வியர்த்து விறுவிறுத்துக் கொட்டகைக்குள் வந்து நின்றவர், என்னைப் பார்த்தார்.

அறுபதாவது நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், எழுந்துக்கோங்க" என்றார் செட்காரரின் மனைவி. உபசாரம் அல்ல, உத்தரவு.

நான்காம் சுற்றைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. எனக்கு முழங்காலில் தேய்மானம் இருக்கிறது, நாற்காலி ஒரு பக்கம் கனம், சாலையில் பஸ் இன்னும் நின்றிருந்தது. "மேடம், இடுப்ப வெச்சிக்கினு இன்னா பண்றீங்க, பேங்க்குல போடவா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டதும் உண்மை. அதன்பிறகு நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. அதிகாரியின் பேனா அவர் காதுமேல் இருந்தது, கோப்பு கக்கத்தில் இருந்தது, இரண்டு கைகளும் காலியாகத் தலைக்கு மேலே இருந்தன என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அவருடைய அறிக்கையின் நகல் பின்னர் என் கைக்கு வந்தது. எழுதத் தெரிந்த கை. 'அரங்கிலிருந்த மொத்தக் கூட்டமும் ஒரு பாடல் முடிவதற்குள் மேற்கு வாயில் வழியே வெளியேறியது நான்கு முறை நேரில் சோதிக்கப்பட்டது. அவசர வழி போதுமானது. இருக்கைகள் அறுபதும் நல்ல நிலையில் இயங்கி வருகின்றன. நோக்கம் மெய்.' இதைவிடச் சுருக்கமாக நான்கூட எழுதியிருக்க மாட்டேன்.

கெடு நாளன்று சாயங்காலம் உரிமம் கொட்டகைக்கே வந்தது. செட்காரர் வேட்டியில் ஒரு முறை கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கினார். பட்டாவில் இருக்கிற மனைவியின் பெயரே அதிலும் இருந்தது. செட்காரர் எழுத்துக் கூட்டி அதை இரண்டு தடவை வாசித்தார். மனைவி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கீய இன்னாவோ பொடி எய்த்துல போட்டுகீது, அத்தயும் படிங்க மேடம்" என்றார்.

ஒன்பது நிபந்தனைகள். எட்டு வழக்கமானவை. ஒன்பதாவது புதியது, பச்சை மையில் சேர்த்திருந்தார்கள். 'இருக்கைகள் அறுபதும் எந்நேரமும் அரங்கினுள்ளேயே இருத்தல் வேண்டும். அவற்றை நபர்கள் தலைமேல் சுமத்தல் கூடாது.'

"தலைலயும் வெக்கக் கூடாது, வெளியவும் போடக் கூடாதா?" என்றார் செட்காரர். "அப்ப ஆடறது எங்க மேடம்? பேஜாரா போச்சே!"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த நிபந்தனையை நான்கு முறை படித்தேன். ஒரு விதியைப் படிக்கும்போது அதில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைத்தான் கவனிக்க வேண்டும்.

"தரையில் இருக்கணும்னு இதில் எங்கேயும் சொல்லலை" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மூவரும் மேலே பார்த்தோம். கொட்டகைக் கூரைக்கு நல்ல இரும்புச் சட்டங்கள் போட்டிருந்தார்கள்.

அடுத்த புதன்கிழமை நான் போனபோது அறுபது சிவப்பு நாற்காலிகளும் தலைகீழாகக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. செட்காரர் பாட்டைப் போட்டதும் எல்லாம் சேர்ந்து லேசாக ஆடின. மண்வெட்டிகள் சுவரோரம் சாய்ந்தன. கூட்டம் முன்னால் நகரத் தொடங்கியது. அடுத்த ஆய்வுக்கு வருகிறவர் அண்ணாந்து எண்ணிக்கொள்ளட்டும்.